ரத்த வகையைக் கேட்டார்கள், பி.பி. பார்க்கவில்லை

போன வாரம் என் தோழியின் மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். தலைப்பிரசவம், இப்போது 13 வாரம். ரத்தம் ஏபி பாசிட்டிவ். ‘ஏபி வகை கர்ப்பிணிகளுக்குக் கொதிப்பு ஏறி வலிப்பு வரும்’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். அனுப்பியவரை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு ஏறும் இந்த நோய்க்கு ப்ரீஎக்ளாம்ப்சியா என்று பெயர். முற்றினால்தான் வலிப்பு வரும். அனுப்பியது முழுப் பொய்யும் இல்லை. பின்லாந்தில் சில நூறு பெண்களிடம் நடந்த ஆய்வில் ஏபி வகைக்கு இந்த நோய் வரும் ஆபத்து ஓ வகையைவிட ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. ஸ்வீடனில் 1987 முதல் 2002 வரை நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை எடுத்துப் பார்த்தபோது, அந்த வித்தியாசம் பத்து சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஓ வகையில் ஆயிரம் பேரில் 30 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், ஏபி வகையில் 33 பேருக்கு வரும். அவ்வளவுதான்.

இந்த மூன்று பேர் கணக்கை வைத்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தூங்கவிடாமல் செய்கிறார்கள். ‘ஓ வகைதானே’ என்று அசட்டையாக இருப்பது அதைவிடக் கொடுமை. என் தங்கை ஓ பாசிட்டிவ்.

சில வருடங்களுக்கு முன் அவளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் பத்தே நாளில் இறுகி, மணிக்கட்டில் சிவப்புக் கோடுகளாகப் பதிந்திருந்தன. முகம் உப்பியிருந்தது. “நீர் கோத்திருக்கிறது, பார்லிக் கஞ்சி கொடு” என்றார் அத்தை. தலை வலிக்கிறது என்றாள், வெயில் என்றோம். ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அட்டையைப் புரட்டி, “ஓ பாசிட்டிவ், ஒரு சிக்கலும் இல்லை” என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கவே இல்லை.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். வளையல் தடத்தை விரலால் தடவியவர், “கண் மங்கலாகத் தெரிகிறதா அம்மா?” என்று கேட்டார். வாசலில் போட்ட கோலம் புகையாகத் தெரிகிறது என்றாள் தங்கை. அதுவரை எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பி.பி. 170/110. சிறுநீரில் புரதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, 108-இல் ஏற்றி அனுப்பினார்கள். வளையல்களை உடைத்துத்தான் எடுத்தோம். பெரியாஸ்பத்திரியில் இரவு முழுக்க ஒரு பயிற்சி மருத்துவர் வந்து வந்து அவள் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மருந்து அளவு மீறினால் கால் துள்ளுவதுதான் முதலில் நிற்குமாம். மறுநாள் சிசேரியன். குழந்தை ஒன்றரைக் கிலோ. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த ஊசி விலை மலிவானது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் சோதித்து, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002-இல் உறுதி செய்தார்கள். ஆனால் பி.பி. பார்த்தால்தானே அது தேவை என்றே தெரியும்? 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே விடக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகும் சில வாரங்கள் வரை இது வரலாம். தாய்வீட்டில் படுத்திருப்பவளுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

தோழியின் மகளிடம் வேறு சில கேள்விகள் கேட்டேன். சர்க்கரை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, இரட்டைக் குழந்தையா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். உன்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு பி.பி. இருந்ததா என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டு வந்தாள். இருந்ததாம், ஏழாம் மாதத்திலிருந்து. அதனால்தான் அவளையே முன்கூட்டி எடுத்தார்களாம். இதை அவள் இதுவரை எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை.

இப்படி ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த நோயைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. 16 வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கொடுக்கலாமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். “நாளைக்கே போய் அம்மா கதையைச் சொல்” என்றேன். ஏபி பாசிட்டிவ் என்பதையும் சொல்லவா என்று கேட்டாள். அது அட்டையிலேயே இருக்கிறது, அம்மா கதைதான் அதில் இல்லை என்றேன்.