அடிபட்டால் என்ன ஆகும்?

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டம் ஆடுபவர்கள் நாங்கள். புதிய ஆட்டம் தொடங்கும் போதெல்லாம் எங்கள் மேசையில் இதே சண்டைதான். ஒருவருக்கு டிராகனும் தீர்க்கதரிசனமும் உள்ள காவிய ஃபேண்டஸி வேண்டும். இன்னொருவருக்குச் சேறும் கொள்ளைநோயும் மண்டிய இருண்ட உலகம். மூன்றாமவருக்குத் திருடனாகத் திரிந்தால் போதும். கதையை எழுதி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரான நான் மூவருக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலையைப் பிய்த்துக்கொள்வேன்.

போன ஆண்டு இருண்ட உலகக் கட்சி வென்றது. எல்லோருக்கும் அத்துப்படி என்பதால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் 2014 பதிப்பு விதிகளையே வைத்துக்கொண்டோம். தூக்குமரம், எரிந்த கிராமம், எலிகள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். முதல் நாளே ஒரு வீரன் வயிற்றில் ஈட்டி வாங்கி விழுந்தான். மேசையில் ஒருவரும் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? அந்த விதிகளில் எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும், 20 பக்கப் பகடையில் மூன்று முறை 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஆள் பிழைத்துக்கொள்வான். பிறகு எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் புள்ளிகள் எல்லாம் திரும்பிவிடும். விடிந்ததும் எழுந்து கஞ்சி கேட்டான் அந்த வீரன். நான் ஒரு வாரம் எழுதிய பயங்கரம் அந்தக் கஞ்சியோடு கரைந்தது.

அன்றிலிருந்து யார் எந்த வகையைக் கேட்டாலும் நான் கேட்பது இரண்டுதான்: அடிபட்டால் என்ன ஆகும்? எதற்குப் புள்ளி கிடைக்கும்?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பையே பாருங்கள். அரக்கனைக் கொன்றால் கிடைப்பதைவிடப் புதையலைத் தூக்கி வந்தால்தான் பாத்திரத்தை வலுவாக்கும் அனுபவப் புள்ளி குவியும். உயிரோ ஒரே குத்தில் போகலாம். அப்புறம் யார் நேருக்கு நேர் சண்டைக்குப் போவார்கள்? பின்வாசல் வழியாக நுழைந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். திருடனாகத் திரிய ஆசைப்பட்ட நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். உலகைக் காக்கும் உத்தமர்கள் வேண்டுமென்றால் இந்த விதியைத் தொடக்கூடாது.

என் சொந்த ஆசை வேறு. 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பெண்ட்ராகன் ஆட்டத்தில் ஆர்தர் அரசர் காலத்து நைட்டாக, அதாவது கவசமணிந்த குதிரை வீரனாக, ஆடலாம். இரக்கமும் கொடூரமும் அதில் ஒரு ஜோடி எண்கள், கூட்டினால் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சரணடைந்த எதிரியை விடுவதா வெட்டுவதா என்ற நிலை வந்தால், உங்கள் நைட்டின் குணத்தைப் பகடையே சோதிக்கும். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பது அங்கே செல்லாது. பெரும்பாலும் கதையின் ஓர் ஆண்டுக்கு ஒரு சாகசம். குளிர்காலத்தில் நிலம், திருமணம், குழந்தை எல்லாவற்றுக்கும் கணக்கு. நைட் மூப்படைந்து இறந்தால் அவன் வாரிசை எடுத்து ஆடலாம். காவியம் என்றால் எனக்கு இதுதான். டிராகன் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எங்கள் குழுவில் மூன்று பேரும் இதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள்.

'நல்ல கேம் மாஸ்டர் எந்த விதியிலும் எந்தக் கதையையும் ஓட்டலாம்' என்று சிலர் வருவார்கள். ஓட்டலாம்தான். ஒவ்வொரு வாரமும் விதியோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். வேலை முடித்து வந்து அதையும் செய்ய எனக்குத் தெம்பில்லை.

இப்போது 1986இல் பிரிட்டனில் வெளிவந்த வார்ஹேமர் ஃபேண்டஸி ரோல்பிளேயில் இருக்கிறோம். அதில் எலி பிடிப்பதும் ஒரு தொழில். அந்தத் தொழிலோடு சிறிய, பொல்லாத நாய் ஒன்றும் வரும். பலத்த அடி விழுந்தால் கை போகுமா கால் போகுமா என்று பார்க்கத் தனி அட்டவணையே இருக்கிறது. போன வாரம் எங்கள் எலிபிடிப்பவனுக்கு இடது கை போயிற்று. மேசையில் இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெல்லக் கேட்டார்: "நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே?"