தட்டிப் பார்த்தால் மட்டும் போதுமா?

தயாரிப்புக் குறை இருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக, ஒரே தொகுப்பில் வந்த ஹெலிகாப்டர் ரோட்டார் பிளேடுகளை (மேலே சுழலும் இறக்கைகளை) எல்லாம் பறக்கவிடாமல் சோதிக்கச் சொல்வது அதிகப்படி என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் நின்றாலும், காற்றின் விசையிலேயே ரோட்டாரைச் சுழலவிட்டு ஹெலிகாப்டரைத் தரையிறக்க முடியும். பறக்கும்போது பிளேடு முறிந்தால் விமானி செய்ய எதுவுமே இல்லை.

2002 ஜூலையில் வட கடலில் விழுந்த சிகோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டரை நினைத்துப் பாருங்கள். அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். பிளேடின் முன்விளிம்பை மூடும் டைட்டானிய உறையில் தயாரிப்பின்போதே ஒரு சிறு பிசகு. அது பாட்டுக்கு இருந்தது. 1999-ல் மின்னல் தாக்கியபோது சரியாக அந்த இடத்தில்தான் உள்ளே வெப்பச் சேதம் ஏற்பட்டு, பிறகு விரிசல் வளர்ந்தது. இத்தனைக்கும் மின்னல் தாக்கிய பிறகு அந்த பிளேடு தயாரிப்பாளரிடமே போய், சோதிக்கப்பட்டு, திரும்பி வந்த ஒன்று!

அதனால் என் கேள்வி வேறு. சோதனை கட்டாயம், சரி. எப்படிப்பட்ட சோதனை? நாணயத்தால் தட்டி ஓசை கேட்கும் பழைய முறை, ஒட்டு விட்டுப்போன இடத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். அங்கே மட்டும் ஓசை மந்தமாகிவிடும். (கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் காது லேசுப்பட்டதல்ல.) ஆனால் உறைக்கு அடியில், உலோகத்துக்குள் ஓடும் மெல்லிய விரிசலுக்கு மீயொலிச் சோதனையோ (காதுக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்திப் பார்ப்பது), சுழல் மின்னோட்டச் சோதனையோ (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அது தடைபடும் இடத்தைப் பார்ப்பது) வேண்டும். கட்டுரையில் செலவுக் கணக்கு மட்டும் விரிவாக இருக்கிறது. எந்த முறையில், எத்தனை மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கலாமே?