மாணவர் ஆய்வென்றால் மீளாய்வு வேண்டாமா?

இளமாணிப் பட்ட இறுதியாண்டு ஆய்வுகள் வெறும் பயிற்சிதானே, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேருமா என்று ஒரு குழு முன்கூட்டியே பார்க்கும் ஒழுக்கவியல் மீளாய்வு அவற்றுக்கு எதற்கு என்று கேட்கும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். பொதுமைப்படுத்தத்தக்க அறிவுக்குப் பங்களிக்கும் நோக்குடைய முறையான தேடலையே அமெரிக்க விதிகள் ஆய்வு என வரையறுப்பதால், அங்கும் வகுப்பறைப் பயிற்சிகள் பல மீளாய்வுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆனால், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் முல்லைத்தீவுத் தாயொருவரிடம் போர் முடிந்த 2009 மே மாதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் பேராசிரியரானாலும் மாணவரானாலும், அன்றிரவு அந்தத் தாய்க்கு உறக்கம் வரப்போவதில்லை.

வன்னி மக்களுக்குப் படிவங்கள் புதியவையல்ல. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் பதிவுகள், மீள்குடியேற்றப் பத்திரங்கள், தொண்டு நிறுவனங்களின் கணக்கெடுப்புகள் எல்லாவற்றிலும் கையொப்பமிட்டுப் பழகியவர்களிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், வீட்டுத்திட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கையிலோ, மறுத்தால் என்னவாகுமோ என்ற அச்சத்திலோ ஒப்பமிடுவார்கள். அதிலும் மாணவர் கிராம அலுவலரைப் பிடித்து ஆட்களைக் கூட்டுவித்தால் (இதுதான் வழமை), நாளை வதிவிடச் சான்றுக்கு அவரிடமே போய் நிற்கவேண்டிய ஒருவர், விரும்பினால் விலகலாம் என்ற வரியை நம்பி எழுந்து போவாரா? பெயரை நீக்கிவிட்டோம் என்பதும் போதாது. கணவரை இழந்த, மூன்று பிள்ளைகளுள்ள முன்பள்ளி ஆசிரியை என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ஒப்புதலை வாய்மொழியாகப் பெறலாமா, கைபேசியிலுள்ள ஒலிப்பதிவை யார் எப்போது அழிப்பார், பேசுகிறவர் உடைந்து அழுதால் மாணவர் என்ன செய்வார் என்பவற்றை ஒரு குழு முன்கூட்டியே கேட்கத்தான் வேண்டும்.

அதற்காக எல்லா ஆய்வையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் சரியல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீட மாணவர் நெல்லினங்களைப் பற்றி விவசாயியிடம் கேட்பதற்கு ஒரு பக்க விண்ணப்பமும் ஒருவருடைய பார்வையும் போதும். குழு மாதக்கணக்கில் இழுத்தடித்தால், மாணவர்கள் அனுமதி வருமுன்னரே தரவைச் சேகரித்துவிட்டுத் திகதியை மாற்றி எழுதவே பழகுவார்கள். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, இளமாணி ஆய்வுகளுக்கென இரண்டு வாரங்களில் முடிவு சொல்லும் ஒரு துணைக்குழுவை முன்மாதிரியாக நடத்திக் காட்டலாம்.

ஆய்வின் சுமையைச் சுமப்பவர்களுக்கே அதன் பயனும் சேரவேண்டும் என்பதை மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு ஒழுக்க நெறிகளை வகுத்த 1979 இன் அமெரிக்கப் பெல்மன்ட் அறிக்கை நீதி என்ற தலைப்பில் பேசியது. இங்கோ ஆய்வேடுகளிற் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமொன்றைக் கிராமத்தின் மாதர் சங்கத்திடம் நேரில் கையளிப்பதையும் அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும்.