லைசென்ஸ் வாங்கியதுமே எஃப்-150 எதற்கு?

அமெரிக்காவில் பிள்ளைக்கு 16 வயதாகி லைசென்ஸ் வந்ததும், "பெரிய வண்டிதான் பாதுகாப்பு" என்று பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியின் சாவியை நீட்டிவிடுகிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு? பானெட் உயரத்தில், முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை கண்ணுக்கே தெரியாது. 2018 முதல் புது வண்டிகளில் கட்டாயமான கேமரா பின்பக்கம் மட்டும்தான் காட்டும்.

நாலு கதவு மாடல் 19 அடிக்கு மேல் நீளம். பார்க்கிங் கட்டமோ பெரும்பாலும் 18 அடி. இரு அச்சுகளுக்கும் இடையே 12 அடி இருப்பதால், திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி நடைபாதை ஓரக்கல்லில் ஏறும். முன்சக்கரம் முனையைத் தாண்டியதுமே ஸ்டியரிங்கை ஒடிக்காமல் கொஞ்சம் தள்ளி ஒடிக்க வேண்டும் என்று எந்தப் புது ஓட்டுநருக்குத் தெரியும்?

இதைவிட மோசம் சரக்கு ஏற்றாத காலிப் பின்தட்டு. எடையில் பெரும்பகுதி முன்னால், பின்சக்கரத்தில் பிடிப்பு குறைவு. மழையில், வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வீசும். நாலு சக்கர இயக்கம் இருக்கிறதே என்பார்கள். அது கிளம்பத்தான் உதவும், பிரேக் தூரத்தைக் குறைக்காது.

தானியங்கி அவசர பிரேக் உள்ள நடுத்தர செடான் போதும், ஐயா! பிக்கப்தான் என்றால், முதலில் காலி மைதானத்தில் கூம்பு வைத்து ரிவர்ஸ் பழக்குங்கள்.