லூயிஸ் கையில தூங்கிப்போன பக்கி

ராத்திரி ரோட்டோரமா தரையோட தரையா உக்காந்திருக்கும், வண்டி லைட் பட்டா கண்ணு மட்டும் செவப்பா மின்னும், கிட்ட போற வரைக்கும் நகராது, அந்தப் பக்கிய நம்ம ஊர்ல நெறைய பேர் பாத்திருப்பீங்க. அதோட சொந்தக்காரப் பறவை ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு, பேரு பூர்வில், உள்ளங்கைல அடங்கிடும். 1804ல ஒருத்தர், அது குளிர்ல தூங்கிப்போறதப் பத்தி எழுதி வச்ச குறிப்ப படிச்சதுலேந்து எனக்கு வேற எதுலயும் மனசு போகல.

எழுதினவர் மெரிவெதர் லூயிஸ். மிசௌரி ஆத்துல நீரோட்டத்துக்கு எதிரா படகுல கெளம்பி பசிபிக் கடல் வரைக்கும் போன லூயிஸ், கிளார்க் ரெண்டு பேர்ல ஒருத்தர். ராணுவ கேப்டன். கெளம்புறதுக்கு முன்னாடி ஜனாதிபதி ஜெஃபர்சன் அவர பிலடெல்பியாவுக்கு அனுப்பி அறிஞர்கள்கிட்ட கொஞ்ச நாள் கத்துக்க வச்சாரு, அவ்வளவுதான் படிப்பு.

அக்டோபர் நடுவுல டகோட்டா பக்கம் ஒரு பக்கி உயிரோட கெடைக்குது. குளிர் ஏற ஏற அது கிட்டத்தட்ட அசையவே மாட்டேங்குது. தெர்மாமீட்டர் 30 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது தண்ணி உறையுற குளிர். லூயிஸ் பேனாக்கத்திய அதோட றெக்கைக்கு அடியில எறக்கி நுரையீரலையும் இதயத்தையும் சிதைச்சிடுறாரு (படிக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு), அப்பவும் அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல உயிரோட இருந்துச்சுன்னு எழுதுறாரு. ஏன்னு புரியல, ஒருவேளை ரத்த ஓட்டம் இல்லாததால இருக்கலாம்னு ஒரு யூகம். எடை எவ்வளவு, எப்படி கத்தும், அங்க இருந்த அரிகரா பழங்குடி மக்கள் அத 'டோ-னா'ன்னு கூப்பிடுவாங்க, எல்லாம் அங்கயே இருக்கு.

தகைவிலான் குருவி (swallow) குளிர்காலத்துல சேத்துக்குள்ள பொதைஞ்சு தூங்கும்னு ஐரோப்பாவுல ஒரு பழைய கதை உண்டு, அது பொய்னு தெளிஞ்சதுக்கப்புறம் பறவை குளிர்காலம் பூரா தூங்கும்னு சொன்னாலே யாரும் காது குடுக்கல. லூயிஸ் 1809லயே செத்துட்டாரு. 1814ல வந்த பயணப் புத்தகத்துல இயற்கைக் குறிப்புகள பெரும்பாலும் விட்டுட்டாங்க. முழுக் குறிப்பும் அச்சுக்கு வர நூறு வருஷம் ஆச்சு. 1946 டிசம்பர்ல எட்மண்ட் ஜேகர்ங்கிற உயிரியல் அறிஞர் கலிபோர்னியா பாலைவனத்துல, ஒரு பாறைப் பொந்துல, அசையாம கெடந்த பூர்வில் ஒண்ண பாத்தப்புறம்தான் ஆமா, இது தூங்குதுன்னு விஞ்ஞானம் ஒத்துக்கிச்சு. ஆனா அரிசோனாவுல ஹோபி பழங்குடி மக்கள் இந்தப் பறவைக்கு எப்பவோ வச்ச பேருக்கே 'தூங்குறவன்'னுதான் அர்த்தம்.

அதனால பறவை இப்படித் தூங்கும்ங்கிறத லூயிஸ் கண்டுபிடிச்சாருன்னு சொல்றது எனக்கு ஒப்பல. ஆனா தனக்கே புரியாத ஒண்ண, புரியலன்னே, கண்ணால பாத்தபடி எழுதினாரு பாருங்க, அதுக்காக அவர கும்பிடலாம். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஏரிக்கரைல பாத்த ஒரு பறவைய நான் பாத்த பறவைகளோட லிஸ்ட்ல போட்டேன், இந்த சீசன்ல அது இங்க வராது, தப்பா பாத்திருப்பீங்கன்னு ஒரு பெரியவர் சொன்னாரு, உடனே எடுத்துட்டேன். அவர் சொன்னது சரியாவே இருக்கலாம். ஆனா றெக்கை நிறம், நேரம், எந்த மரம்னு எழுதியிருந்தத சேத்து அழிச்சதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

உங்க ஊர்ல பக்கிய என்ன பேர் சொல்லி கூப்பிடுவாங்க, அதப் பத்தி பாட்டி தாத்தா என்ன சொல்வாங்க, கமெண்ட்ல எழுதுங்க. நம்புற மாதிரி இல்லன்னாலும் பரவால்ல, அப்படியே எழுதுங்க.