அதிர்வெண் கூடினால் மட்டும் போதாது
“900 கிலோஹெர்ட்ஸ் சைடு ஸ்கேன் சோனார் ஒன்று போதும், பூம்புகார் கடலில் மண்ணுக்குள் கிடக்கும் கப்பலும் தெரியும்” என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. சைடு ஸ்கேன் சோனார் என்பது இருபுறமும் ஒலி அலைகளை அனுப்பிக் கடல்தரையைப் படமெடுக்கும் கருவி. நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த ஒலியின் அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் எட்டும் தூரம் சுருங்கும்: 900 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு பக்கமும் 50 முதல் 75 மீட்டர்தான், 100 கிலோஹெர்ட்ஸில் சில நூறு மீட்டர். தேடுவதற்குக் குறைந்த அதிர்வெண், நெருங்கிப் பார்க்க உயர்ந்த அதிர்வெண். இரண்டும் உள்ள கருவியே என் தேர்வு.

மண்ணுக்கடியில் எந்த சைடு ஸ்கேனும் பார்க்காது. அது கடல்தரையின் மேற்பரப்பைத்தான் காட்டும். காவிரி வண்டல் மூடிய இடத்தில் மண்ணுக்குள் ஊடுருவும் ஒலியால் அடுக்குகளைக் காட்டும் சப்-பாட்டம் ப்ரொஃபைலர் வேண்டும். இரும்பு இருந்தால், காந்தப்புல மாற்றத்தை அளக்கும் மேக்னடோமீட்டரும் உதவும். ஆனால் 1991-இல் பூம்புகாருக்கு எதிரே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்த கப்பலில் கிடைத்தவற்றில் ஈயக் கட்டிகளும் உண்டு. ஈயத்தை மேக்னடோமீட்டர் உணராது.