இனிஷியல் படுத்தும் பாடு

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் மனைவி, பிள்ளைகளை அழைத்துவர டிபெண்டன்ட் பாஸ் (குடும்பத்தினருக்கான அனுமதி) போடும்போது எல்லாரும் சம்பளத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம், மாதாமாதம் மாறும் அலவன்ஸும் ஓவர்டைமும் சேராது, சரி. பெற்றோருக்கு லாங் டெர்ம் விசிட் பாஸ் (நீண்ட நாள் தங்கும் அனுமதி) என்றால் 12,000. இதிலெல்லாம் குழப்பமே இல்லை. மானத்தை வாங்குவது இந்த இனிஷியல்தான்!

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். திருமணச் சான்றிதழில் வெறும் 'மு.' குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அதுவும் இல்லை. பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் பெயர்க் கட்டமே காலி. மூன்று தாள், மூன்று ஆள். ஊரிலேயே பெயரைச் சேர்த்து, திருத்தி வாங்காமல் விமானம் ஏறினால், பிறகு ஊரில் தாலுகா ஆபீசுக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைய ஒரு மாமாவைத் தேட வேண்டியதுதான். சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த, 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, தொண்டை அடைப்பான், தட்டம்மை ஊசி போட்டதைச் சிங்கப்பூர் அரசின் சுகாதார அமைப்பு சரிபார்த்த பிறகுதான் விண்ணப்பமே. 2019லிருந்து இதுதான் விதி. ஆனால் பலர் டிக்கெட் போட்ட பிறகுதான் அந்தத் தடுப்பூசி அட்டையைத் தேடுகிறார்கள். கிடைத்தாலும் டாக்டர் கையெழுத்தில் தேதி 3ஆ 8ஆ, யாருக்குத் தெரியும்?